சிங்கங்கள் சுற்றமாகும் விதம்

வெள்ளவத்தையில் காலி வீதியின் இரைச்சல் ஓய்ந்த பின்னிரவில், தெற்குத் திசையிலிருந்து சில வேளைகளில் ஒரு முழக்கம் காற்றில் மிதந்து வருவதுண்டு. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் சிங்கம் எழுப்பும் குரல் அது. அமைதியான இரவில் 8 கிலோமீற்றர் தூரம் வரையிலும் அது கேட்கும் என்பர்.

கணவரை இழந்த என் தமக்கையார், நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுச் சென்ற ஆண்டு எங்களோடு வந்து சேர்ந்தார். முதல் வாரத்தில் அக்குரலைக் கேட்டவர், "அது தன்ர சனத்தைத் தேடுதோ, தம்பி?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

அக்காள் ஐயுற்றது பொய்யன்று. தன் இனத்தாரோடு தொடர்பு கொள்ளவும், அயலாரை விலக்கவுமே சிங்கம் முழங்குகிறது. பூனைக் குலத்துப் பெருவிலங்குகளுள் புலியும் சிறுத்தையும் தனித்து வாழ்வன. சிங்கமோ சுற்றத்தோடு வாழ்வது. தாய், மகள், தமக்கை, தங்கை என உறவுடைய பெண்சிங்கங்களே அச்சுற்றத்தின் வேர். ஆண்கள் வெளியிலிருந்து வந்து சில ஆண்டுகள் தங்குவன. புதிதாய் வரும் ஆண், முன்னிருந்த ஆணின் குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு. ஆகவே, அந்நியன் என்றாலே அவற்றுக்கு அச்சந்தான்.

அவ்வாறாயின், வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த சிங்கங்களைக் காட்சிச்சாலைகளில் எங்ஙனம் ஒரு குடும்பமாக்குகின்றனர்? ஒரே கூட்டில் விட்டுக் கதவை மூடினால் முடிவது போரே.

முதலில் அவற்றை அடுத்தடுத்த கூடுகளில் வைப்பர். ஒன்று படுத்த வைக்கோலை மற்றொன்றின் கூட்டில் இடுவர். முகத்துக்கு முன்னே மணம் அறிமுகமாகும். அடுத்து, இடையே கம்பிவலை. காதுகளைப் பின்னே மடித்து, வாலைச் சுழற்றி, இமையாது நோக்கினால் பொறுத்திருப்பர். வலையில் முகம் தேய்த்து, மெல்ல முனகி, வலையோரம் அருகருகே படுத்துறங்கினால் நல்ல குறி. இதற்கு நாட்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

பின்னரே கதவு திறக்கும். முன்னதாகவே இரையளித்துவிடுவர், முற்றத்தில் இறைச்சித் துண்டு கிடத்தலாகாது. ஒதுங்க இடமும், தப்பிச்செல்ல ஒன்றுக்கு மேற்பட்ட வழியும் வேண்டும். தண்ணீர்க் குழாயுடன் காவலர் நிற்பர். உறுமலும் ஓரிரு அறைகளும் விழும். ஒவ்வோர் உறுமலுக்கும் அஞ்சிப் பிரித்துவிட்டால் உறவு ஒருநாளும் முற்றுப்பெறாது. பிரிக்கவேண்டிய வேளையில் பிரியாது விட்டாலோ உயிர் போய்விடும். இரண்டுக்கும் இடையே நிற்பதுதான் காவலரின் கலை.

இவ்வளவு செய்தும் உறுதி கிடையாது. அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில், எட்டு ஆண்டுகள் இணைந்து வாழ்ந்து மூன்று குட்டிகளையும் ஈன்ற பின்னர், 2018 ஒக்டோபரில் பெண்சிங்கம் தன் துணையைக் கழுத்தைப் பற்றிக் கொன்றது. உறவு ஒருமுறை கட்டி முடிக்கும் சுவரன்று. நாள்தோறும் காக்கவேண்டிய விளக்கு.

நம் தெஹிவளைச் சாலைக்கு வித்திட்டவர் ஜோன் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர். 1936 இல் அதனை அரசாங்கம் ஏற்றது. அவருடைய தந்தைவழித் தமையனார் கார்ல் ஹாகன்பெக், 1907 இல் ஹம்பர்க் நகரை அடுத்து, கம்பிக்குப் பதிலாக அகழியால் சிங்கங்களைப் பிரித்துக் காட்டினார். கம்பியை அகற்றப் பொறியியல் போதும். அந்நியத்தை அகற்றவோ காலம் ஒன்றே வல்லது.

இதனை அறிந்தபோது எனக்கு நாணமே உண்டாயிற்று. அக்காளை, வந்த நாள் முதலாய், "கூடத்துக்கு வாங்கோ, எல்லாரோடும் இருங்கோ" என்று அன்பினாலே வற்புறுத்தி வந்தோம். அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அதன்பின் அழைப்பதை நிறுத்தினோம். கொட்டாஞ்சேனை வீட்டில் அவர் அமர்ந்த பழைய சாய்மணைக் கதிரையைத் தருவித்து, விறாந்தையில், அவர் அறை வாசலுக்கு எதிரே போட்டுவைத்தோம்.

மூன்றாம் வாரம் ஒரு மாலையில் அவர் தாமாகவே வந்து அதில் அமர்ந்தார். அருகே பாடம் படித்துக்கொண்டிருந்த என் பேர்த்தியை, "தலையை இப்படியே விரிச்சுப்போட்டு இருக்கிறது?" என்று அதட்டி, சீப்பை எடுத்துவரச் சொன்னார். உள்ளேயிருந்து கேட்ட என் மனைவி புன்னகைத்தாள். நான் வாய் திறக்கவில்லை.