காலா அசார் மருந்தும் 12.5 கோடி டாலர் வவுச்சரும்

புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கெடு 2030. அதற்குள் நூறு நாடுகளாவது இவற்றில் ஒரு நோயையேனும் ஒழித்திருக்க வேண்டும். இதுவரை ஐம்பதுக்குச் சற்று மேல்தான் வந்திருக்கின்றன. இதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: வாங்கச் சக்தியில்லாதவர்களுக்கு வரும் நோய்க்கு மருந்து செய்தால் நிறுவனத்துக்கு என்ன கிடைக்கும்? நன்கொடை, அறக்கட்டளை நிதி, அரசு மானியம் என்ற பதில்கள் பழகியவை. ஆனால் இப்படிப்பட்ட ஏற்பாடுகளிலேயே மிகவும் புத்திசாலித்தனமானதும், கவலை தருவதும், அமெரிக்கா 2007-இல் சட்டமாக்கிய ‘முன்னுரிமைப் பரிசீலனை வவுச்சர்’தான். ‘அரசுக்குச் செலவில்லாமல் புதுமையை ஊக்குவிக்கும் வழி’ என்று அதை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் முன்வைத்த யோசனை இது. சட்டத்தின் பட்டியலில் உள்ள புறக்கணிக்கப்பட்ட நோய் ஒன்றுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் (எஃப்.டி.ஏ.) புது மருந்துக்கு அனுமதி பெறும் நிறுவனத்துக்கு ஒரு வவுச்சர் தருவார்கள். அதைக் காட்டினால், முற்றிலும் வேறொரு மருந்துக்கான விண்ணப்பத்தை, வழக்கமான பத்து மாதத்துக்குப் பதில் ஆறு மாதத்தில் பரிசீலிக்க எஃப்.டி.ஏ. இலக்கு வைக்கும். அன்னதானம் செய்தவருக்குச் சிறப்பு தரிசனச் சீட்டைக் கொடுத்து, அதை யாருக்கும் விற்றுக்கொள்ளலாம் என்று சொல்வதைப் போன்றது இது. ஆண்டுக்குப் பல நூறு கோடி டாலர் விற்கும் மருந்துக்கு நான்கு மாதம் முன்கூட்டிக் கடை திறப்பது பெரும் பணம். குழந்தைகளின் அரிய நோய்களுக்காகப் பின்னர் வந்த இதே வகை வவுச்சர் ஒன்றை 2015-இல் ஆபிவி நிறுவனம் 35 கோடி டாலருக்கு வாங்கியது.

பரிசு எதற்காகத் தரப்படுகிறது என்பதில்தான் சிக்கல். மருந்து நோயாளியின் கைக்குப் போனதற்காக அல்ல, வாஷிங்டனில் அனுமதி கிடைத்ததற்காக. மில்டெஃபோசின் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். புற்றுநோய்க்கென ஜெர்மனியில் உருவான இந்த மருந்தை, மணல் ஈயால் பரவும் காலா அசார் நோய்க்கு உரியதாக மாற்றியதில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டத்துக்கும், இந்தியாவில் நடந்த மருத்துவப் பரிசோதனைகளுக்கும் பெரும் பங்கு உண்டு. பீகாரின் நோயாளிகள் அந்தப் பரிசோதனைகளில் பங்கேற்றார்கள். 2002-இல் இந்தியா அனுமதி தந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2014-இல், எஃப்.டி.ஏ. அனுமதித்தது, வவுச்சர் கனடாவின் நைட் தெராப்யூடிக்ஸ் கைக்குப் போனது. அதே ஆண்டு கிலியட் நிறுவனம் அதை 12.5 கோடி டாலருக்கு வாங்கி, தன் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்குப் பயன்படுத்தியது. ஏற்கெனவே இருந்த மருந்துக்குப் ‘புதுமை’க்கான பரிசு கிடைத்துவிட்டது, ஆனால் நோய் பரவிய நாடுகளில் அதைத் தட்டுப்பாடின்றி, வாங்கக்கூடிய விலையில் தரவேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. விலையும் கிடைப்பதும் சிக்கலாகவே இருப்பதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முறையிட்டது. காலா அசார் குணமான பிறகு தோலில் தங்கிவிடும் வகைக்கு, பல வாரங்கள் விழுங்க வேண்டிய இந்த மாத்திரை இன்றும் தேவைப்படுகிறது. அந்தத் தோல் நோயாளிகளிடமிருந்து மணல் ஈ கிருமியை மீண்டும் பரப்ப முடியும் என்பதால், ஒழிப்பின் கடைசிக் கட்டம் இந்த மருந்தின் கையிருப்பையும் நம்பியிருக்கிறது.

வவுச்சர் வேலை செய்ததே இல்லையா என்று கேட்டால், செய்திருக்கிறது. ஆற்றுக் குருடு நோய்க்கான மாக்சிடெக்டினை 2018-இல் அனுமதி வரை கொண்டுசென்றது ஆஸ்திரேலியாவின் லாபநோக்கற்ற நிறுவனம் ஒன்று. வரப்போகும் வவுச்சரைக் காட்டித்தான் அது முதலீடு திரட்டியது. ஆக, கருவி பயனற்றது அல்ல, யார் கையில் எந்த நிபந்தனையோடு இருக்கிறது என்பதே கேள்வி. நிபந்தனை போட்டால் நிறுவனங்கள் ஓடிவிடும் என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் மருந்தைக் கொண்டுசேர்க்கும் எண்ணமே இல்லாத நிறுவனம் விலகினால் நோயாளி எதை இழக்கிறார்? ‘அரசுக்குச் செலவில்லை’ என்ற வாதமும் அரைகுறை. அவசரப் பரிசீலனைக்கு ஆகும் அதிகாரிகளின் நேரம் வேறு விண்ணப்பங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. 2020-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஆராய்ந்தபோது, வவுச்சர் திட்டங்கள் புது மருந்துகளைப் பெருக்கின என்பதற்குச் சான்று மிகக் குறைவாகவே கிடைத்தது. முன்பே வேறு நாடுகளில் விற்ற மருந்துக்கு வவுச்சர் வாங்கும் ஓட்டையை 2017-இல் ஒரு திருத்தம் பெருமளவு அடைத்தது. அடுத்த திருத்தம் எளிது: நோய் உள்ள நாடுகளில் பதிவு, அடக்க விலையை ஒட்டிய விலை, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விநியோக உறுதி. இந்த மூன்றும் எழுத்தில் வந்த பிறகே வவுச்சர் தரப்பட வேண்டும். பொதுப் பணமும் ஏழைகளின் உடலும் சேர்ந்து உருவாக்கிய மருந்துக்கு இதைக் கேட்பது அதிகம் அல்ல.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

வவுச்சர் இருந்தால் அனுமதி உறுதியா? இல்லை; நோவார்டிஸ் தன் முதல் வவுச்சரைச் செலவிட்ட கீல்வாத விண்ணப்பத்தை 2011-இல் எஃப்.டி.ஏ. ஏற்கவில்லை.

இந்தியாவில் காலா அசார் ஒழிந்துவிட்டதா? வட்டார அளவில் பத்தாயிரம் பேருக்கு ஆண்டில் ஒரு நோயாளிக்கும் குறைவு என்பதே அரசின் அளவுகோல். அது நோயே இல்லை என்பதாகாது.

யானைக்கால் நோய்க்குக் கெடு எப்போது? இந்தியா தனக்குத் தானே விதித்துக்கொண்டது 2027.

நன்கொடை மருந்துகள் போதாதா? இன்று உதவுகின்றன; ஆனால் கொடுப்பவர் நிறுத்தினால் கேட்க நோயாளிக்கு உரிமை இல்லை. அந்த உரிமையைச் சட்டத்தில் எழுதவைப்பதே 2030-க்குள் முடிக்க வேண்டிய முதல் வேலை.