பீரோ மேல கிடந்த அரசு லேப்டாப்

இன்னைக்கு எபிசோட் ஒரு பழைய லேப்டாப்பைப் பத்தி. மூடியில தமிழக அரசு முத்திரை இருக்குமே, அந்த லேப்டாப். இதைக் கேட்டுக்கிட்டு இருக்கிறவங்கள்ல பல பேர் வீட்டில பீரோ மேலயோ கட்டிலுக்கு அடியிலயோ இப்பவும் ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கும்.

பொங்கலுக்கு அரிமளம் போயிருந்தேன். தெரியாதவங்களுக்கு: புதுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிற ஒரு பேரூராட்சி. அங்கதான் சித்தப்பா வீடு. சித்தப்பா பொண்ணு டிகிரி முடிச்சிட்டு குரூப் 4-க்குப் படிக்கிறா. டைப்பிஸ்ட் போஸ்ட்தான் குறி. தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சு வச்சிருக்கா. அவகிட்ட இருந்தது நான் ப்ளஸ் டூ படிக்கும்போது ஸ்கூல்ல கொடுத்த லேப்டாப். ரெண்டு ஜிபி ராம், சுத்துற ஹார்ட் டிஸ்க். யாரோ போட்டுக்கொடுத்த ஆக்டிவேட் பண்ணாத விண்டோஸ் 10. ஆன் பண்ணிட்டுப் போய் டீ போட்டுட்டு வந்தாலும் டெஸ்க்டாப் முழுசா வந்திருக்காது.

ஒரு கடையில காட்டியிருக்காங்க. "விண்டோஸ் 11 இதுல ஏறாது, 10-க்கு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, புதுசு வாங்கிக்கோங்க"னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னதுல பொய் எதுவும் இல்லை. ஆனா நான் போன அன்னைக்கு வீட்டில பேச்சு, சித்தியோட வளையலை எந்த பேங்க்ல வைக்கிறதுங்கிற வரைக்கும் வந்திருந்துச்சு. "நான் ஊருக்குக் கிளம்புற வரைக்கும் பொறுங்க சித்தி"னு சொல்லி லேப்டாப்பை வாங்கிட்டு மாடிக்குப் போயிட்டேன்.

முதல்ல அந்த "சப்போர்ட் முடிஞ்சுபோச்சு" என்ன விஷயம்னு பார்த்துடலாம். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை. அதுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திடுச்சு. அன்னைக்கு ராத்திரி யாரோட கம்ப்யூட்டரும் அணைஞ்சு போகலை. இனிமே அதுல ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிச்சா அதை அடைக்கிற அப்டேட் வராது, அவ்வளவுதான். தனியா பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் 13 வரைக்கும் நீட்டிப்பு உண்டு. படம் மட்டும் பார்க்கிற மெஷின்னா பெரிய விஷயமில்லை. பேங்க் பாஸ்வேர்டும் தேர்வு விண்ணப்பமும் போடுற மெஷின்னா விஷயம்தான். சரி, 11-க்கு மாறலாமேன்னா, அதுக்கு நாலு ஜிபி ராம், டிபிஎம் 2.0-னு ஒரு பாதுகாப்பு சிப், இன்டெல்னா ஏறக்குறைய எட்டாம் தலைமுறை ப்ராசஸர், எல்லாம் வேணும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017-லதான். நம்ம லேப்டாப் அதுக்கும் முந்தினது.

இங்க ஒரு பழைய கதை. இந்தத் திட்டம் தொடங்கினது 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு. வாங்கிக் கொடுக்கிற பொறுப்பு எல்காட் நிறுவனத்துக்கு. முதல் டெண்டரே 9 லட்சம் லேப்டாப்புக்கு மேல. அப்படி வந்த லேப்டாப்கள் பலதுல ரெண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? ஆன் பண்ணினதும் கறுப்புத் திரையில ஒரு பட்டியல் வரும். ஒண்ணு விண்டோஸ், இன்னொண்ணு பாஸ் லினக்ஸ். முதல் வருஷங்கள்ல வந்த விண்டோஸ் 7 ஸ்டார்டர்ல வால்பேப்பரைக்கூட மாத்த முடியாது. அந்தப் பதிப்போட கட்டுப்பாடு அது. பக்கத்துலயே இருந்த பாஸ்ல எல்லாத்தையும் மாத்தலாம்.

பாஸ்ங்கிறது சி-டாக் உருவாக்கினது. முழுப்பேர் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன்கிற லினக்ஸை அடிப்படையா வச்சு, இந்திய மொழிகளுக்கு ஏத்த மாதிரி செஞ்சது. முதல் பதிப்பு 2007-ல வந்துச்சு. சி-டாக்கோட சென்னை மையத்துக்கு இதுல பெரிய பங்கு. அதே காலத்துல எல்காட்டும் உமாசங்கர் நிர்வாக இயக்குநரா இருந்தப்ப தன்னோட அலுவலகக் கணினிகளை லினக்ஸுக்கு மாத்தியிருந்துச்சு. அதனால அந்தக் கறுப்புத் திரைப் பட்டியல் திடீர்னு வந்ததில்லை.

நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க. அந்த லேப்டாப் கையில வந்த ஒரு மாசத்துல பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழிச்சிட்டேன். காரணம், படம் சேர்த்து வைக்க இடம் பத்தலை. [சிரிப்பு] அது என்னன்னு யாரும் எங்களுக்குச் சொல்லலை, நாங்களும் யாரையும் கேட்கலை. பின்னால இன்ஜினியரிங் செகண்ட் இயர்ல அதே டெபியனை இன்ஸ்டால் பண்ண மூணு நாள் மல்லுக்கட்டினேன். அப்பதான் உறைச்சுது, இதை ஏற்கெனவே ஒருத்தர் என் கையில கொடுத்திருந்தாங்கன்னு.

பக்கத்துல கேரளாவைப் பாருங்க. அங்க பள்ளிகள்ல 2000-களோட பிற்பகுதியிலேயே லினக்ஸுக்கு மாறிட்டாங்க. ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்ச திட்டம், இப்ப கைட்ங்கிற அரசு நிறுவனம். அங்க பத்தாம் வகுப்புல ஐடி ஒரு பாடம், அதுக்குப் ப்ராக்டிகல் தேர்வு உண்டு, பாடப் புத்தகமே லிப்ரே ஆஃபீஸ், ஜிம்ப் மாதிரி கட்டற்ற மென்பொருள்களை வச்சு எழுதினது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தை மாத்தி, லேபை மாத்தினாங்க. நாம மாணவன் கையிலயே லேப்டாப்பைக் கொடுத்தோம். அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன், அரிமளத்துல ஒரு வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததே அப்படித்தான். ஆனா உள்ள இருந்த பாஸுக்கு ஒரு பீரியட்கூட ஒதுக்கலை.

சரி, மாடிக்கு வருவோம்.

முதல் வேலை பேக்கப். இதை மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க. அந்த ஹார்ட் டிஸ்க்ல ஐயாவோட கடைசிப் பொங்கல் ஃபோட்டோக்கள் இருந்துச்சு, வேற எங்கயும் இல்லை. இன்ஸ்டால் பண்ணும்போது "டிஸ்க்கை முழுசா அழி"ன்னு ஒரு தேர்வு வரும், அதை அழுத்தினா அழுத்தினதுதான். எல்லாத்தையும் என் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல எடுத்து, ரெண்டு ஃபோட்டோவைத் திறந்து பார்த்துட்டுத்தான் அடுத்த வேலைக்கே போனேன்.

அடுத்தது பென்டிரைவ். லினக்ஸ்ல எனக்குப் பிடிச்ச விஷயமே இதுதான்: இன்ஸ்டால் பண்ணாமலேயே பென்டிரைவ்ல இருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருதா, சத்தம் வருதா, டச்பேட் வேலை செய்யுதா, எல்லாம் பார்த்துட்டுப் பிடிக்கலைன்னா ஆஃப் பண்ணிட்டுப் போயிடலாம். ஹார்ட் டிஸ்க்ல எதுவும் மாறியிருக்காது.

எந்த லினக்ஸ்? இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. லினக்ஸ்ங்கிறது உள்ள இருக்கிற இன்ஜின். நாம பார்க்கிற மெனு, ஜன்னல், ஐகான் எல்லாம் அதுக்கு மேல இருக்கிற டெஸ்க்டாப். கார் உதாரணம் எனக்கே போரடிச்சுப் போச்சு, வீடுன்னு வச்சுக்கோங்க. அஸ்திவாரம் ஒண்ணு, மேல கிரானைட்டும் போடலாம், சிமெண்டுத் தரையும் போடலாம். ரெண்டு ஜிபி ராமுக்கு சிமெண்டுத் தரைதான் சரி. லினக்ஸ் மின்ட்ல எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, இல்லைன்னா லுபுண்டு. நான் மின்ட் போட்டேன், ஸ்டார்ட் மெனு விண்டோஸ் மாதிரியே இடது மூலையில இருக்கும்ங்கிற ஒரே காரணத்துக்காக. மின்ட் கேட்கிற குறைந்தபட்சமே ரெண்டு ஜிபிதான், நாலு இருந்தா நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க. இன்னொண்ணு: உங்க மெஷின் 32-பிட் மட்டும்தான்னா வழி குறைஞ்சுக்கிட்டே வருது. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-ல அதுக்கு இன்ஸ்டாலரே கிடையாது.

நாற்பது நிமிஷத்துல இன்ஸ்டால் முடிஞ்சுது. ஆன் ஆகுற நேரம் ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. தங்கச்சி "அண்ணே, இது அதே லேப்டாப்தானா?"ன்னா. நானும் கொஞ்சம் பெருமையா உட்கார்ந்திருந்தேன். அவ பிரவுசர்ல ஏழு டேப் திறந்தா. பழையபடி நின்னுடுச்சு.

இது லினக்ஸ் பண்ற தப்பு இல்லை, லினக்ஸால சரிபண்ணக்கூடியதும் இல்லை. இன்னைக்கு ராமைத் தின்கிறது ஆபரேட்டிங் சிஸ்டத்தைவிட பிரவுசர்தான். ஒவ்வொரு தளத்தையும் அது பெரும்பாலும் தனித்தனி ப்ராசஸா ஓட்டுது, ஒண்ணு கெட்டா இன்னொண்ணு கெடக் கூடாதுன்னு. விளம்பரம், தானா ஓடுற வீடியோ எல்லாம் அதுக்குள்ள. ஃபயர்ஃபாக்ஸ்ல யுபிளாக் ஆரிஜின் போட்டுவிட்டேன், நாலு டேப் வரைக்கும் தாங்குது. நிஜமான தீர்வு இன்னொரு ராம் சிப்பும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா ஒரு எஸ்எஸ்டியும். அப்பவும் புது லேப்டாப் விலையில ஒரு சின்னப் பங்குதான்.

ஆனா அரிமளத்துல எனக்குப் பெரிய தலைவலி கொடுத்தது வேற: தமிழ்.

டைப்பிங் பயிற்சிக்கு அவ வச்சிருந்த ஃபைல்களைத் திறந்தா ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. காரணம், அதெல்லாம் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்கள்ல அடிச்சது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் வடிவத்தை ஒட்டி வச்சவை. பாமினியில "அம்மா"ன்னு அடிச்சா, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்க அடிச்சது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கிற மெஷின்ல அம்மாவா தெரியும், இல்லாத மெஷின்ல அந்த அஞ்சு குறிகள்தான். யூனிகோட்ல அப்படியில்லை, அ-வுக்கு உலகம் முழுக்க ஒரே எண். 2010-ல, கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசே யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரம்னு அறிவிச்சாச்சு. இருந்தாலும் ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், பத்திர எழுத்தர் மேஜைன்னு பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோட இருக்கு. விண்டோஸை விட்டு வர ஆள் தயங்குறதுக்கு எங்க ஊர்ப் பக்கம் உண்மையான காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன். யாரும் இதைச் சொல்றதில்லை, எல்லாரும் கேம்ஸ் ஓடாதுன்னுதான் பேசிக்கிட்டு இருக்காங்க.

சுரதாவோட பொங்குதமிழ் எழுத்துரு மாற்றியில போட்டு ஃபைல்களை யூனிகோடுக்கு மாத்தினேன். டைப் பண்ண ஐபஸ்ங்கிற கருவி, அதோட எம்17என் தொகுப்பு. அதுல தமிழ் 99-உம் இருக்கு, பழைய தட்டச்சு விசைப்பலகையும் இருக்கு. அவ விரல் பழகினது தட்டச்சு மெஷின்ல, அதனால ரெண்டாவது. அந்த வரிசை வந்ததும் திரையைப் பார்க்காம ஒரு பக்கம் அடிச்சுக் காட்டினா. எனக்கு இன்னைக்கும் தமிழ்ல ரெண்டு விரல்தான்.

அடுத்த நாள் கடையில பிரிண்ட் எடுக்கப் போனோம். லிப்ரே ஆஃபீஸ்ல ஒரு பக்கமா இருந்த விண்ணப்பம் அங்க வேர்ட்ல திறந்ததும் ஒண்ணே கால் பக்கம் ஆச்சு. நம்ம மெஷின்ல இருந்த எழுத்துரு அங்க இல்லை, அங்க லதா வந்து உட்கார்ந்ததும் வரியெல்லாம் தள்ளிப்போச்சு. பிரிண்டுக்குக் கொடுக்கிற எதையும் பிடிஎஃப் ஆக்கிட்டுக் கொண்டு போங்க. லிப்ரே ஆஃபீஸ்ல அது ஒரே பட்டன்.

எல்லாரும் மாறலாமா? டாலியில கணக்குப் பார்க்கிறவங்க மாற வேண்டாம். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வச்சு வேலை பார்க்கிறவங்க முதல்ல அது ஓடுதான்னு பென்டிரைவ்லயே சோதிச்சுப் பாருங்க. தங்கச்சிக்கும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கு. டைப்பிஸ்ட் வேலைக்கு அலுவலகத் தானியக்கச் சான்றிதழ் வேணும், அந்த ப்ராக்டிகலுக்கு அவ பயிற்சி எடுக்கிற இடத்துல மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ்தான். லிப்ரே ஆஃபீஸ்லயும் மெனுவை ரிப்பன் மாதிரி டேப் வடிவத்துக்கு மாத்திக்கலாம், மாத்திக் கொடுத்திருக்கேன். ஆனாலும் எல்லாம் அதே இடத்துல இருக்காது. அதனால வாரத்துல ரெண்டு நாள் சென்டர்ல உட்கார்ந்து அடிக்கிறா, மிச்ச நாள் வீட்டில.

வளையல் இப்போதைக்கு சித்தி கையிலதான் இருக்கு. ராம் சிப் கூரியர்ல அனுப்பியாச்சு, வீடியோ கால்ல அவளே பின்பக்கத்தைக் கழட்டி மாட்டணும். அது எப்படிப் போச்சுன்னும், பென்டிரைவ் தயார் பண்றது எப்படின்னும் அடுத்த எபிசோட்ல.