கப்பலேறுமுன் ஒரு பகல்

ஊவா மாகாணத்துத் தெமோதரையிலிருந்து தமிழகக் கரைக்குச் செல்வோர்க்கு ஒரு காலத்தில் இரண்டு இரவுகள் இரயிலில் கழிந்தன. மலைநாட்டு வண்டியில் ஓர் இரவு. தலைமன்னார் வண்டியில் மற்றோர் இரவு. இவ்விரண்டுக்கும் இடையே கொழும்பில் கிடைத்த ஒரு பகலுக்குத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றில் தனியிடம் உண்டு.

பதுளைவரையான இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. மலைச்சரிவின் உயரத்தைச் சமாளிக்க, அப்பாதை தெமோதரையில் வளையமாகச் சுற்றி, நிலையத்திற்கு அடியிலேயே சுரங்கத்தின் வழியாகச் செல்கிறது. இங்கு இரவு வண்டியில் ஏறியவர்கள் விடியலில் கொழும்புக் கோட்டையில் இறங்குவர். தலைமன்னார் வண்டியோ இரவில்தான் புறப்படும். பொல்காவலையிலேயே வடக்குப் பாதைக்கு மாறவும் வழி இருந்தது. ஆயினும் தலைநகரைக் காணும் ஆவல் பலரைக் கொழும்புவரை இழுத்துச் சென்றது.

நிலையத்தின் எதிரே புறக்கோட்டைக் கடைவீதி. அங்கே சிவப்பும் வெள்ளையுமாக எழுந்து நிற்கும் பள்ளிவாசல், அப்பால் செட்டியார் தெருவின் நகைக்கடைகள், கதிரேசன் கோயில்கள். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் இந்துக்களும் மெழுகுவர்த்தி ஏற்றுவர். அருகிலுள்ள துறைமுகம் மலைநாட்டார்க்கு அந்நியமானதன்று. அவர்கள் பறித்த கொழுந்து தேயிலையாகிக் கப்பலேறியது அங்கேதான்.

மாலையில் காலிமுகத்திடல். மலையிலேயே பிறந்து வளர்ந்தோர் பலர் முதன்முதலாகக் கடலைக் கண்ட இடம் அது. திடலின் வடபுறத்தில், 1930ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம் நிற்கின்றது. 1948ஆம் ஆண்டில் அங்கு நிறைவேறிய குடியுரிமைச் சட்டமே தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

அதுவரை இப்பயணம் போய்த் திரும்பும் பயணமாகவே பலர்க்கு இருந்தது. திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ சென்று மீள்வர். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974ஆம் ஆண்டில் உடன்பாடாயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதத்தில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது. ஆனால் இப்போது ஏறியவர்களில் பலர் திரும்பி வருவதற்காக ஏறவில்லை. அவர்களுள் எத்தனையோ பேருக்குத் தலைநகரை முதலில் கண்ட நாளே இறுதியாகக் கண்ட நாளும் ஆயிற்று.

அக்கப்பற்போக்குவரத்து 1984ஆம் ஆண்டில் நின்றது. இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. போரினால் தடைப்பட்ட தலைமன்னார் இருப்புப்பாதை 2015ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023ஆம் ஆண்டில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. கடலைக் கடப்போர் இன்றும் உளர். திரும்பி வரும் உரிமையோடு கடப்பதே அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடாகும்.