ஊசி என்றால் ஏன் பயம்?

"ஊசி போட வருகிறார்களாம்" என்று மஸ்டர் களத்தில் ஒரு சொல் விழுந்துவிட்டால், சிலர் மலைக்கு ஏறிவிடுவதும் சிலர் காம்பராக் கதவைச் சாத்திக்கொள்வதும் தோட்டப்புறத்தில் புதிய சங்கதியல்ல. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கொரோனாவின் டெல்டா திரிபு நாட்டில் பரவத் தொடங்கிய காலத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்து லயங்களுக்குச் சென்ற நாமும் இதனையே கண்டோம். படிப்பறிவில்லாத சனங்கள், மூடநம்பிக்கை என்று இதனை ஒதுக்கிவிடுவோர் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. அந்தப் பயத்துக்குக் காரணங்கள் இருந்தன. சில காரணங்கள் நியாயமானவையும்கூட.

அவற்றை இன்று எடுத்துப் பேசுவதற்கு ஒரு தேவை உண்டு. மண்சரிவுக்குப் பயந்து காணியையும் குடியிருப்பையும் விட்டு, பாடசாலைகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் தங்கியிருக்கும் குடும்பங்களை நாம் சந்தித்து வருகின்றோம். மக்கள் நெருங்கி வாழும் இடத்தில்தான் எந்தத் தொற்றும் வேகமாகப் பரவுகின்றது. ஆகவே அடுத்த புதிய நோயோ, பழைய நோயின் புதிய திரிபோ வரும்போது, ஊசி போடுவதா விடுவதா என்ற கேள்வி உங்கள் வாசலுக்கே முதலில் வரும்.

முதலில் பழைய கதை. எமது முன்னோர் கடல் கடந்து வந்தபோது மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்ட பின்னரே இங்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களிடம் யாரும் விளக்கம் சொல்லவுமில்லை, சம்மதம் கேட்கவுமில்லை. பிற்காலத்தில் தோட்டங்களில் நடந்த குடும்பக் கட்டுப்பாட்டு வேலைகளையும் மறக்க முடியாது. போதிய விளக்கமின்றி, ஊக்கப்பணம் கொடுத்து, தாய்மாருக்கு நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டதை ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கின்றார்கள். "இந்த ஊசியைப் போட்டால் பிள்ளை தங்காதாம்" என்று 2021இல் ஒரு இளம் மருமகள் எம்மிடம் சொன்னபோது, பக்கத்திலிருந்த மாமியார் தலையசைத்தார். மருமகள் சொன்னது தொலைபேசியில் வந்த வதந்தி. மாமியார் தலையசைத்ததோ தாம் கண்ட அனுபவத்தினால். இரண்டையும் ஒன்றாக்கித் திட்டினால் யாருமே காது கொடுக்கமாட்டார்கள்.

அந்த வதந்திக்கான பதில் இதுதான்: கொரோனாத் தடுப்பூசியில் கருப்பையையோ சூலகத்தையோ தொடும் எதுவும் இல்லை. 2021 ஜூன் மாதம் முதல் இந்நாட்டில் கர்ப்பிணித் தாய்மாருக்கே அது போடப்பட்டது. கர்ப்பகாலத்தில் டெல்டா தொற்றினால் தாயின் உயிருக்கே ஆபத்து அதிகம் என்பதனாலேயே அவ்வாறு செய்தார்கள்.

அம்மைப்பால் குத்தியதிலும் மறுபக்கம் ஒன்று உண்டு. வயதானவர்களின் மேற்கையில் உள்ள தழும்பைக் கேட்டுப் பாருங்கள். பெரியம்மையை அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் கும்பிட்டார்கள், கையையும் நீட்டினார்கள். கோயிலும் போகவில்லை, நம்பிக்கையும் போகவில்லை, நோய்தான் போனது. 1980 மே மாதத்தில் உலகில் பெரியம்மை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இளம்பிள்ளை வாதமும் அப்படியே. இலங்கையில் அதன் கடைசி நோயாளி 1993இல் காணப்பட்டார். யுத்தம் நடந்த காலத்தில்கூட, 1995 முதல், சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களில் துப்பாக்கிகள் ஓய்ந்திருக்க இரு தரப்பும் இணங்கின. கலவரங்களுக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போன எமது உறவுகளின் பிள்ளைகளுக்கும் அந்தச் சொட்டு மருந்து கிடைத்தது.

2021இல் எமது சனங்களை அதிகம் உலுக்கியது நடிகர் விவேக்கின் மரணம். ஏப்ரல் 15ஆந் திகதி சென்னையில் எல்லோரும் பார்க்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆந் திகதி இறந்துவிட்டார். லயத்துக்கு லயம் தொலைக்காட்சியில் பார்த்த முகம் அல்லவா? "விவேக்குக்கே இப்படி என்றால் எங்களுக்கு?" என்று கேட்காதவர் இல்லை. அவரது இதயத்தின் முக்கிய இரத்தக் குழாய் முழுவதும் அடைபட்டிருந்ததாக வைத்தியர்கள் சொன்னார்கள். அத்தகைய அடைப்பு ஒரே நாளில் உண்டாவதில்லை. இந்தியாவின் நிபுணர் குழுவும் விசாரித்து, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அவ்வாண்டு ஒக்டோபரில் அறிவித்தது. ஆனால் வதந்தி ஏப்ரலில் வந்தது, பதிலோ ஒக்டோபரில்தான் வந்தது. இடையில் டெல்டா வந்து போய்விட்டது.

எல்லாப் பயமும் வதந்தி என்று சொல்லவும் எம்மால் முடியாது. அதே ஏப்ரலில், கோவிசீல்ட் ஊசி போட்டவர்களில் ஆறு பேருக்கு இரத்தம் கட்டியதாகவும் அவர்களில் மூவர் இறந்ததாகவும் சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் தெரிவித்தார். அவ்வேளையில் அந்த ஊசியைப் பல இலட்சம் பேர் போட்டிருந்தனர். இது மிக அரிது, ஆனால் உண்மை. இவ்வாறான செய்தியை மறைத்தால் அடுத்த முறை உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். பின்னர் நாட்டில் பெரும்பாலானோருக்குப் போடப்பட்ட சினோபார்ம், கோவிசீல்டிலிருந்து வேறு வகையானது. கொல்லப்பட்ட வைரசைக் கொண்டு, பழைய முறையில் செய்யப்பட்டது.

இனி, திரிபு என்றால் என்ன? பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக எழுதப்படுவது எமக்குப் பழகிப்போன ஒன்று. இராமாயி என்பது ஒரு தாளில் ஒருவிதமாகவும் இன்னொரு தாளில் வேறு விதமாகவும் இருக்கும். வைரசும் உடலுக்குள் தன்னைப் படியெடுத்துப் படியெடுத்துப் பெருகும்போது இப்படிப் பிழைகள் விடுகின்றது. அநேகமான பிழைகளால் ஒன்றும் ஆவதில்லை. ஏதோ ஒரு பிழை மட்டும் அதற்கு வாய்ப்பாக அமைந்து, முன்னையதைவிட வேகமாகத் தொற்றவைக்கும். இந்தியாவில் 2020இன் பிற்பகுதியில் முதலில் அறியப்பட்டு டெல்டா என்று பெயரிடப்பட்டது அப்படியான ஒன்று. 2021 ஜூனில் கொழும்பு தெமட்டகொடையில் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகஸ்ட் மாத முடிவில் ஒரே நாளில் இருநூறுக்கு மேற்பட்டோர் நாட்டில் இறந்தனர். ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மூடப்பட்டது. தோட்டத்தில் கொழுந்து பறிப்பது மட்டும் நிற்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் குடும்பத்திடம், தனித்திருங்கள் என்று சொல்லி யாருக்கு என்ன பயன்?

"நோய் மாறிவிட்டதே, பழைய ஊசி இதற்கு எப்படி வேலை செய்யும்?" என்று டயகமப் பக்கத்தில் ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. தாளில் பெயர் பிழைத்தாலும் ஊரார் ஆளை அடையாளம் கண்டுவிடுகிறார்கள் அல்லவா? நடையைப் பார்த்து, குரலைக் கேட்டு, முகத்தைக் கண்டு அறிகிறார்கள். ஊசியினால் பழக்கப்பட்ட உடலும் வைரசைப் பல அடையாளங்களால் அறிகின்றது. ஓர் அடையாளம் மாறினால் சிறிது தடுமாறும், முற்றாக ஏமாறாது. சினோபார்ம் இரண்டு ஊசிகளும் போட்டவர்களை ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 95 பேரின் உடலில் பிறபொருளெதிரிகள் உண்டாகியிருந்தன. அறுபது வயதைக் கடந்தோரிடம் அந்த வலு குறைந்திருந்தது. முதியோருக்கு மூன்றாவது ஊசி ஏன் என்று கேட்டவர்களுக்கு நாம் இதனையே சொன்னோம். அவ்வாண்டின் இறுதியில் வந்த ஒமிக்ரோன் இன்னும் அதிகமாக மாறியிருந்தது. ஊசி போட்டவர்களையும் அது தொற்றியது. ஆனால் அவர்களில் மூச்சுத் திணறி வைத்தியசாலைக்குப் போனவர்கள் குறைவு. ஊசி தொற்றை முழுதாகத் தடுக்கும் என்று ஆரம்பத்தில் சிலர் சொல்லிவைத்தது தவறு. அதனால்தான் "போட்டும் வந்துவிட்டதே" என்று பலர் மனம் விட்டார்கள். முதல் ஊசியை ஏறக்குறைய 170 இலட்சம் பேர் போட்ட இந்நாட்டில் மூன்றாவதைப் போட்டோர் அதில் பாதியளவினரே.

தேயிலையில் கொப்புள நோய் 1946இல் இங்கு வந்தது முதல் எமது மக்கள் அறிந்த ஒரு காரியம் உண்டு. கொழுந்தில் கொப்புளம் விழுந்த பின் அந்த இலையை மீட்க முடியாது. மழை தொடங்கும்போதே மருந்து அடிக்க வேண்டும். ஊசியும் அவ்வாறே. போட்ட அன்றே காவல் கிடைத்துவிடாது. இரண்டாவது ஊசிக்குப் பின்னரும் இரண்டு வாரமளவில் செல்லும். பக்கத்து லயத்தில் நோய் வந்த பின் போடலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் கிடைக்கவில்லை. கேகாலைப் பாணி மருந்துக்காக 2020 டிசம்பரில் கூடிய கூட்டத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். கொத்தமல்லி குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் அது காவல் அல்ல.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. அதைப் பேச வைக்க எமக்குப் பல மாலைகள் எடுத்தன. "ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சலாம். அந்த இரண்டு பேரை யார் தருவது?" 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக்கப்பட்டது. அதன்பின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் என்ற நெருக்கடி பல இடங்களில் இருந்தது. காய்ச்சலோடு மலை ஏறவும் முடியாது, வீட்டில் இருந்தால் அடுப்பும் எரியாது. இதற்குப் பெயர் அறியாமையா? ஓர் இடத்தில் மாதர் சங்கத்துப் பெண்கள் தாமே ஒரு வழி கண்டார்கள். ஒரு வீட்டார் எல்லோரும் ஒரே நாளில் போடாமல், பாதிப்பேர் முதலிலும் மற்றவர்கள் அடுத்த தடவையிலும் போட்டார்கள். முடிந்தவர்கள் ஓய்வு நாளுக்கு முந்திய நாளைக் கேட்டு வாங்கினார்கள். எமது விளக்கங்களைவிட அந்த ஏற்பாட்டினால் ஊசி போட்டவர்களே அதிகம் என்று இப்போது நினைக்கின்றோம்.

கைவலி, காய்ச்சல், உடல் அசதி என்பன ஓரிரு நாளில் போய்விடும். பனடோலும் தண்ணீரும் போதும். ஊசி போட்டதும் இருபது நிமிடமாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள். உடல் தடித்து மூச்சு முட்டுவது போன்ற கடும் ஒவ்வாமை யாருக்காவது வருமானால் அநேகமாக அந்த நேரத்துக்குள்தான் வரும். அதற்கான மருந்தும் அங்கேயே இருக்கும். சில நாட்களுக்குப் பின் விடாத தலையிடி, நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குதல் கண்டால் காத்திருக்க வேண்டாம், வைத்தியசாலைக்குப் போய், ஊசி போட்ட திகதியையும் சொல்லுங்கள். நீரிழிவு, பிரஷர், இழுப்பு உள்ளவர்கள் "எனக்கு வருத்தம் இருக்கிறது, வேண்டாம்" என்று ஒதுங்கினார்கள். உண்மையில் கொரோனா அதிகம் கொன்றது அவர்களையே. முன்பு ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ கடும் ஒவ்வாமை வந்தவர்கள் மட்டும் அதனை முதலிலேயே வைத்தியரிடம் கூற வேண்டும்.

வரிசையில் நின்றுகொண்டு கேள்வி கேட்க வெட்கமாக இருக்கும். அதற்கு முன்னரே, குடும்பநல உத்தியோகத்தர் கொட்டிலுக்கு வரும் நாளில் கேட்டுவிடுங்கள். இது என்ன ஊசி? எத்தனை தடவை? எனக்குள்ள வருத்தத்துக்கு ஒத்துக்கொள்ளுமா? தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை.

கொரோனாவைவிட இப்போது எமக்குக் கவலை தருவது சின்னமுத்து. 2019இல் இலங்கையை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்நோய் 2023இல் திரும்பவும் பரவியது. அதற்கான ஊசி ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போடப்படுகின்றது. இடம்பெயரும்போது தவறிப்போவது பெரும்பாலும் இதுபோன்ற ஊசிகளே. கிளினிக் கொப்பி மண்ணோடு போய்விட்டது என்று ஒரு தாய் பிள்ளையைக் கொண்டு போகாமலே இருந்தார், ஏசுவார்களாம். கொப்பி இல்லாவிட்டாலும் பிள்ளையைக் கொண்டு போங்கள். பழைய இடத்துக் கிளினிக்கின் பதிவேட்டில் விபரம் இருக்கும். இப்போது தங்கியிருக்கும் இடத்திலேயே பெயரைப் பதிந்து, புதிய கொப்பி கேளுங்கள். இடையில் விட்டுப்போன ஊசிகளை முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். புதிய கொப்பி கிடைத்ததும் ஒரு பொலித்தீன் உறையில் இட்டு, அடையாள அட்டையோடு சேர்த்து, மழையிரவில் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள்.