ரோட்ரி இல்லாத சிட்டி: ஒரு முழங்கால் போனதும் ஏன் எல்லாம் ஆட்டம் கண்டது?

2024 செப்டம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி இரவு 9 மணி ஆட்டம். மான்செஸ்டர் சிட்டியின் எட்டிஹாட் மைதானத்துக்கு ஆர்சனல் வந்திருந்தது. பிரீமியர் லீக் கோப்பைக்கு இரண்டு ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அணிகள். 9ஆவது நிமிடத்தில் சிட்டியின் ஹாலண்ட் கோல் போட்டார். சற்று நேரத்தில் ஒரு கார்னர் உதையின்போது, பெனால்ட்டி பகுதிக்குள் நடந்த தள்ளுமுள்ளில் ஆர்சனலின் தாமஸ் பார்ட்டேயோடு மோதி, சிட்டியின் நடுக்கள வீரர் ரோட்ரி விழுந்தார். விழுந்தவர் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். 21ஆவது நிமிடத்தில் அவரை வெளியே அழைத்துக்கொண்டு, கோவாசிச்சை உள்ளே அனுப்பினார் பயிற்சியாளர் பெப் கார்டியோலா.

அன்றைய ஆட்டம் 2-2 என முடிந்தது. ஆர்சனலின் டிராசார்ட் வாங்கிய சிவப்பு அட்டை, கடைசி நொடியில் ஜான் ஸ்டோன்ஸ் போட்ட சமன் கோல் என்று மறுநாள் பேச நிறைய இருந்தது. ரோட்ரியின் காயம் எவ்வளவு பெரியது என்பது பிறகுதான் தெரிந்தது. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்கே இழுத்துப் பிடித்திருக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்திருந்தது. எலும்புகளுக்கிடையே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பும் சேதமாகியிருந்தது. ஸ்பெயினில் அறுவை சிகிச்சை நடந்தது. இந்தக் காயத்திலிருந்து ஒரு கால்பந்து வீரர் மீண்டு வர எட்டு, ஒன்பது மாதங்கள் ஆகும். அதாவது, அந்தப் பருவம் அவருக்கு அன்றோடு ஏறக்குறைய முடிந்துபோனது.

இனிதான் விசித்திரம். ரோட்ரி போன மறுநாளே சிட்டி சரிந்துவிடவில்லை. அடுத்த ஏழு ஆட்டங்களில் ஆறு வெற்றி, ஒரு சமன். 'ஒரு ஆள் போனால் என்ன, சிட்டி சிட்டிதான்' என்று சொல்லக்கூடியவர்களுக்கு அந்த ஒரு மாதம் வசதியாக இருந்தது. ஆனால் அந்த வெற்றிகளைச் சற்று உற்றுப் பார்த்திருக்க வேண்டும். அக்டோபர் 5 அன்று ஃபுல்ஹாமுக்கு எதிரான 3-2 வெற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோட்ரியின் இடத்தில் ஆடிய கோவாசிச் இரண்டு கோல்கள் போட்டார். கணக்குப் புத்தகத்தில் இதைவிட நல்ல மாற்று வீரர் கிடைக்க மாட்டார். அதே ஆட்டத்தில் ஃபுல்ஹாமின் அடாமா ட்ராவோரே, தடுக்க ஆளில்லாமல் நேராகக் கோல்கீப்பரை நோக்கி ஓடினார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. அவர் கால் சரியாகப் பந்தைச் சந்தித்திருந்தால் சரிவு அன்றைக்கே தொடங்கியிருக்கும். உல்வ்ஸ் அணியைக் கூடுதல் நேரத்தில் 2-1 என வென்றது, சவுத்தாம்ப்டனோடு ஒரே கோலில் தப்பியது எல்லாம் இதே வகைதான்.

ரோட்ரி அந்த இடத்தில் என்ன வேலை பார்த்தார் என்று புரிந்தால்தான் ட்ராவோரே ஏன் அப்படி ஓட முடிந்தது என்பது புரியும். சிட்டி ஆடும் முறையில் எட்டு ஒன்பது பேர் எதிரணியின் பாதிக்குள் இருப்பார்கள். தடுப்பாட்டக்காரர்களே நடுக்கோட்டுக்கு வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் அரை மைதானம் வெறிச்சோடிக் கிடக்கும். பந்து காலில் இருக்கும்வரை இது அழகு. பறிபோன அடுத்த மூன்று நான்கு நொடிகளில் இதுவே ஆபத்து. அந்த நொடிகளுக்குத்தான் ரோட்ரி. சக வீரர் பாஸ் கொடுக்கும்போதே, அது தவறினால் பந்து எங்கே தெறிக்கும் என்று கணித்து அங்கே போய் நின்றிருப்பார். 1.91 மீட்டர் உயரம். மேலே வரும் பந்தைத் தலையால் வாங்கிக்கொள்வார். கீழே வந்தால் காலை நீட்டுவார். இரண்டும் முடியாவிட்டால், நடுவர் மஞ்சள் அட்டையை எடுக்காத அளவுக்கு ஒரு சின்ன இழுப்பு. எதிரணியின் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். பிறகு பந்தை அவசரமில்லாமல் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார்.

கல்யாணப் பந்தியில் பரிமாறாமல், வரிசைக்கு இடையே சும்மா நடந்துகொண்டே இருக்கும் பெரியவரைப் பார்த்திருப்பீர்கள். எந்த இலையில் சாம்பார் வரவில்லை என்பதைச் சாப்பிடுகிறவர் கேட்பதற்கு முன்பே பார்த்துவிடுகிறவர். ரோட்ரி அந்த மாதிரி. அவர் வேலை நன்றாக நடந்தால் ஆட்டத்தில் ஒன்றும் நடக்காது. நடக்காத ஒன்றைத் தொலைக்காட்சியில் மறு ஒளிபரப்பாகக் காட்டவும் முடியாது.

கோவாசிச் திறமை குறைந்தவர் அல்ல. ஆனால் அவர் பந்தை வாங்கினால் தானே ஓட்டிக்கொண்டு முன்னேறுகிறவர்; முன்னேறினால் பின்னால் இடம் காலி. பார்சலோனாவிலிருந்து திரும்பி வந்திருந்த குந்தோகனுக்கு மூளை ரோட்ரிக்கு நிகர், ஆனால் அக்டோபரில் 34 வயது; கால் அங்கே போய்ச் சேர்வதற்குள் எதிரணி போய்விடும். பெர்னார்டோ சில்வாவும் இளம் வீரர் ரிகோ லூயிஸும்கூட நடுவில் கைகொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் நல்ல வீரர்கள்தான், வேலைதான் வேறு.

சரிவு அக்டோபர் 30 அன்று லீக் கோப்பையில் டாட்டன்ஹாமிடம் தோற்றதில் ஆரம்பித்தது. போர்ன்மத், ஸ்போர்ட்டிங், பிரைட்டன் என்று வரிசையாக அடி. நவம்பர் 23 அன்று மீண்டும் டாட்டன்ஹாம், இம்முறை எட்டிஹாடில். ஆட்டத்துக்கு முன் ரோட்ரி தன் பாலோன் தோர் விருதை மைதானத்துக்குக் கொண்டுவந்து ரசிகர்களுக்குக் காட்டினார். உலகின் சிறந்த வீரருக்கான அந்த விருதை அக்டோபர் 28 அன்று பாரிஸில் ஊன்றுகோலோடு மேடையேறி வாங்கியிருந்தார். சிட்டி வீரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. கைதட்டல் அடங்கியதும் ஆட்டம் தொடங்கியது. 20 நிமிடங்களுக்குள் டாட்டன்ஹாமின் மேடிசன் இரண்டு கோல்கள் போட்டுவிட்டார். கடைசியில் 0-4. கார்டியோலாவின் பயிற்சியாளர் வாழ்க்கையில் தொடர்ந்து ஐந்து தோல்விகள் அதற்கு முன் வந்ததே இல்லை.

மூன்று நாள் கழித்து சாம்பியன்ஸ் லீக்கில் ஃபேயனூர்ட். 53ஆவது நிமிடத்தில் சிட்டி 3-0 என முன்னிலை. 75, 82, 89ஆவது நிமிடங்களில் கோல் வாங்கி 3-3. என்னைக் கேட்டால் அந்தப் பருவத்தின் கதை முழுவதும் இந்தப் பதினைந்து நிமிடங்களில் இருக்கிறது. முன்னிலையில் இருக்கும் அணிக்குத் தேவை வேகம் இல்லை, ஆட்டத்தைத் தூங்க வைக்கும் ஒருவர். பந்தை வாங்கி, நிறுத்தி, பின்னால் ஒரு பாஸ், பக்கவாட்டில் ஒரு பாஸ் என்று எதிரணியின் உற்சாகத்தை வடியவிடுகிறவர். அவர் இல்லாததால் முதல் கோல் விழுந்ததும் எல்லோருக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. அக்டோபர் 30 முதல் டிசம்பர் 26 வரை 13 ஆட்டங்களில் சிட்டி வென்றது ஒன்றே ஒன்று. ஒன்பது தோல்வி.

இதையெல்லாம் ஒரே முழங்காலின் தலையில் கட்டலாமா? முழுதாகக் கட்ட முடியாது. ரோட்ரி 74 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் ஆடியவர் என்ற கணக்கு அப்போது எல்லா இடத்திலும் சுற்றியது. கணக்கு சரிதான். ஆனால் இங்கிலாந்தின் மிகச் சிறந்த அணியில் ஆடிய யாருக்கும் இப்படிப்பட்ட கணக்கு கொஞ்சமாவது அழகாகத்தான் இருக்கும். அதைவிட எனக்கு அழுத்தமாகப் படுவது வேறு: 2023-24 பருவத்தில் சிட்டி லீக்கில் தோற்ற ஆட்டங்கள் மூன்றே. உல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் ரோட்ரி தடை காரணமாக ஆடவில்லை. இருந்தாலும் 2024 குளிர்காலத்தில் ரூபன் டியாஸ், ஸ்டோன்ஸ், டி ப்ருய்ன எனப் பலரும் காயத்தில் இருந்தார்கள். கோவாசிச்சே நவம்பரில் காயமடைந்தார். முக்கிய வீரர்கள் பலருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கோடையில் ஹூலியன் ஆல்வாரெஸை அட்லெட்டிகோவுக்கு விற்றாயிற்று.

இதில் மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு. ரோட்ரிக்கு மாற்று வேண்டும் என்று 2022இல் சிட்டியே உணர்ந்து, லீட்ஸிலிருந்து கால்வின் ஃபிலிப்ஸை 4 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. கார்டியோலா அவரை நம்பவே இல்லை. பென்ச்சில் உட்கார வைத்து, பிறகு வெஸ்ட் ஹாமுக்கும், 2024 கோடையில் இப்ஸ்விச்சுக்கும் இரவல் கொடுத்தார்கள். அந்த இடத்துக்கென்று வேறு யாரையும் வாங்கவில்லை. சில வாரங்களில் ரோட்ரி விழுந்தார்.

ஸ்பெயினைப் பாருங்கள். 2024 ஜூலை 14, பெர்லினில் யூரோ இறுதி ஆட்டம். காயத்தால் ரோட்ரி இடைவேளையோடு வெளியேற, சுபிமெண்டி உள்ளே வந்தார். அதே இடம், அதே வேலை, ஏறக்குறைய அதே சுபாவம். இரண்டாம் பாதி தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் ஸ்பெயின் கோல் போட்டது. 2-1 என இங்கிலாந்தை வென்றது. தொடரின் சிறந்த வீரர் விருது ரோட்ரிக்கே போனது. பிறகு அவர் இல்லாமலேயே நேஷன்ஸ் லீக் இறுதி ஆட்டம்வரை போனார்கள். இரண்டு அணிகளும் இழந்தது ஒரே ஆளைத்தான். ஸ்பெயினிடம் அந்த வேலைக்கு இன்னொருவர் தயாராக இருந்தார்.

இந்த இடத்தின் விலையை முன்பே உணர்ந்த அணி ரியல் மாட்ரிட். 2003இல் பெக்காமை வாங்கிய கையோடு, நடுவில் நின்று துப்புரவு வேலை பார்த்த மக்கலேலேயைச் செல்சீக்கு விற்றது. அந்தப் பருவத்தின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்று நான்காம் இடத்துக்குப் போனது. அது தானாகத் தேடிக்கொண்ட வினை.

காயத்துக்கு ஐந்து நாள் முன்புதான், ஆட்டங்களின் எண்ணிக்கை இப்படியே ஏறினால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்யும் நிலை நெருங்கிவிட்டது என்று ரோட்ரி பேசியிருந்தார். முந்தைய பருவத்தில் கிளப்புக்கும் நாட்டுக்குமாக அவர் ஆடியவை 60 ஆட்டங்களுக்கு மேல். களைப்பினால்தான் ஜவ்வு கிழிந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கார்னர் மோதலில் யாருக்கும் கிழியலாம். மாற்று ஆளே இல்லாத ஒருவரை இத்தனை ஆட்டங்களுக்கு இறக்கியது மட்டும் கிளப்பின் முடிவு.

2025 பிப்ரவரி 3, மாற்றச் சந்தையின் கடைசி நாளில் போர்ட்டோவிலிருந்து நிகோ கோன்சாலஸை சுமார் 5 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். அதற்குள் நேரம் கடந்திருந்தது. அதே மாதம் ரியல் மாட்ரிட் இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-3 என சிட்டியைச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றியது. தொடர்ந்து நான்கு முறை லீக் வென்ற அணி, முந்தைய ஆண்டு 91 புள்ளிகள் எடுத்த அணி, 71 புள்ளிகளோடு மூன்றாவதாக முடித்தது. மே 20 அன்று போர்ன்மத்துக்கு எதிராக ரோட்ரி கடைசிச் சில நிமிடங்கள் இறங்கியபோது எட்டிஹாட் எழுந்து நின்றது. ஆனால் ஏசிஎல் கிழிந்த கால் அவ்வளவு சுலபமாகப் பழையபடி ஆகிவிடாது. கிளப் உலகக் கோப்பையில் அல் ஹிலாலுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, வலியோடு மறுபடி வெளியேறினார். 2025 அக்டோபர் 5 அன்று பிரென்ட்ஃபோர்டில் தொடைத்தசை பிடித்துக்கொண்டு முதல் பாதியிலேயே வெளியே வந்தார். இம்முறை அந்த வேலைக்கென்றே வாங்கிய ஆள் பென்ச்சில் இருந்தார். நிகோ கோன்சாலஸ் இறங்கினார். சிட்டி 1-0 என வென்றது.