கறிக்குழம்பில் கோழி போட்டால்...

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறிக் குழம்புதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதில் மாற்றம் கிடையாது. போன வருஷம் என் கணவருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடிவிட்டது. "ஆட்டுக்கறி, ஈரல், மூளை எல்லாவற்றையும் குறையுங்கள். தோலுரித்த கோழி சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

இதென்ன பிரமாதம், கறிக்குப் பதில் கோழியைப் போட்டால் போச்சு என்று நினைத்தேன். வழக்கம்போல் குக்கரில் 5 விசில் விட்டேன். திறந்து பார்த்தால் எலும்பு வேறு, சதை வேறு! மறுவாரம் 1 விசிலில் இறக்கினேன். கோழி சரியாக இருந்தது. மசாலா பச்சை வாசனை அடித்தது. அதற்கடுத்த ஞாயிறு, "சிநேகிதர் வீட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்பியவர் ஹோட்டலில் மட்டன் சுக்கா சாப்பிட்டுவிட்டு வந்தார். சட்டைப் பையில் பில் இருந்தது! நான் சண்டை போடவில்லை. குற்றம் என் குழம்பில் அல்லவா?

யோசித்ததில் புரிந்தது. ஆட்டுக்கறி வேக நேரமாகும். அதற்குள் மசாலாவும் வெந்துவிடும். பிராய்லர் கோழியோ சீக்கிரம் வெந்துவிடும், தண்ணீரும் விடும். ஆகவே மசாலா முதலில், கோழி பிறகு!

ஒரு கிலோ கோழிக்கு நான் செய்வது இதுதான். தோலோடு அதன் அடியிலுள்ள மஞ்சள் கொழுப்பையும் எடுத்துவிடுங்கள். தொடைத் துண்டுகள் அதிகம் இருந்தால் நல்லது, நெஞ்சுக்கறி வறண்டுபோகும். உப்பு, மஞ்சள்தூள், 2 ஸ்பூன் தயிர் பிசறி அரை மணி ஊறட்டும். சட்டியில் 3 ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி வதக்கி, மிளகாய், தனியா, மிளகு, சோம்பு வறுத்து அரைத்த மசாலாவைச் சேர்த்து, 2 டம்ளர் தண்ணீர் விட்டு 15 நிமிஷம் கொதிக்க விடுங்கள். பிறகு கோழியைப் போட்டு, மிதமான தீயில் 20 நிமிஷம். எலும்பருகில் சிவப்பு தெரியாமல் வெந்திருக்க வேண்டும். தேங்காயைப் பாதியாகக் குறைத்து, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை சேர்த்து அரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டியாகும். நாட்டுக்கோழி என்றால் இன்னும் அதிக நேரம் வேக வேண்டும்.

கோலா உருண்டைக்கும் கோழிக் கொத்துக்கறி போடலாம். ஆனால் அது இளகும். பொட்டுக்கடலை மாவு கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்ததில் கொழுப்பு இறங்கியிருந்தது. அதில் மாத்திரைக்கும் காலை நடைக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால், ஞாயிறு மதியம் வீட்டிலேயே இருந்து, குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாரே, அந்தப் பெருமை என் சட்டிக்குத்தான்!