தோல்பையும் கணிதப் பையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

உத்திரமேரூர் என்றதும் யாவர்க்கும் நினைவுக்கு வருவது குடவோலைக் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) அக்கல்வெட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரையேனும் இல்லாமல் நம் மலர் வெளிவராது என்பதை அறிவேன். அந்தப் பொறுப்பை வரலாற்று ஆர்வம் உள்ள நண்பர்களுக்கு விட்டுவிட்டு, நான் ஒரு தோல்பையைப் பற்றி எழுத முற்படுகிறேன். கணித மாணவனுக்கும் தோல்பைக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். என் தந்தையார் பேருந்து நிலையத்தருகே வேப்பமர நிழலில் செருப்புத் தைப்பவர். வகுப்பில் பலருக்கு இது தெரியாது, நானும் சொன்னதில்லை. இதைச் சொல்லாமல் கட்டுரையைத் தொடங்க முடியவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் பேருந்து நடத்துநர் ஒருவர், தோளில் மாட்டும் சில்லறைப் பை ஒன்று வேண்டும் என்று தந்தையாரிடம் கேட்டார். செருப்பு வேலை பெரும்பாலும் தட்டையானது. தோலின் மேல் தோலை வைத்துத் தைப்பது. பையோ நீளம், அகலம், ஆழம் மூன்றும் உடையது. முன்துண்டு ஒன்று, பின்துண்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கம் இறங்கி, அடியில் ஓடி, மறுபக்கம் ஏறும் நீண்ட பட்டை ஒன்று. இதனைக் 'கசெட்' என்பார்கள். நான் பக்கப்பட்டை என்றே எழுதுகிறேன். "நீதான் படிக்கிறியே, அளந்து பாரு" என்று வேலையை என்னிடம் தந்தார் தந்தையார்.

நூலை முன்துண்டின் விளிம்பைச் சுற்றி வைத்து அளந்தேன். அதே நீளத்துக்குப் பட்டையை வெட்டினேன். இடப்பக்க மேல்முனையில் தொடங்கிச் சுற்றித் தைத்து வந்தால், வலப்பக்கத்தில் பட்டை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிஞ்சி நின்றது. மிஞ்சியதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று எண்ணி, பையைத் திருப்பி, மறுபடியும் என் இடக்கைப் பக்கமே தொடங்கிப் பின்துண்டைத் தைத்தேன். பை கோணிக்கொண்டது. கீழே வைத்தால் ஒரு மூலை தூக்கி நின்றது. இரண்டு நாள் கழித்து நடத்துநர் வந்து, "அண்ணே, பை நல்லாத்தான் இருக்கு, தோள்லதான் நிக்க மாட்டேங்குது. காசெல்லாம் ஒரே மூலைக்குப் போவுது" என்றார். தந்தையார் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தையலைப் பிரித்துத் துளைகளை எண்ணினேன். துண்டின் அகலம் 20 செ.மீ., உயரம் 16 செ.மீ.; அடி மூலைகள் இரண்டும் 4 செ.மீ. ஆரமுள்ள வளைவுகள். விளிம்பின் நீளம்: பக்கங்கள் 12 + 12, அடி 12, இரண்டு கால்வட்டங்கள் சேர்ந்த அரைவட்டம் 12.57, ஆக 48.57 செ.மீ. ஆனால் தையல் விளிம்பில் ஓடுவதில்லை, 4 மி.மீ. உள்ளே ஓடுகிறது. அங்கே வளைவின் ஆரம் 3.6 செ.மீ.தான். அரைவட்டம் 11.31 ஆகிறது, மொத்தம் 47.31. வேறுபாடு 1.26 செ.மீ. துளைக்குத் துளை 4 மி.மீ. என்றால் மூன்று துளைகள்!

வளைவின் ஆரம் எதுவாயினும் இந்த வேறுபாடு மாறாது. தையல் உள்ளே தள்ளியிருக்கும் தூரத்தைப் பையால் (22/7) பெருக்கினால் வருவதே அது. பெரிய பைக்கும் சிறிய பைக்கும் பிழை ஒன்றே. பையின் பிழை பையில் இருக்கிறது என்று நான் சொன்னபோது தந்தையார் சிரிக்கவில்லை, விளக்கியபின் சிரித்தார்.

அந்த மூன்று துளைகள் முன்துண்டில் ஒரு முனையிலும், திருப்பித் தைத்ததால் பின்துண்டில் எதிர்முனையிலும் மிஞ்சின. அதனால் பட்டையின் இரு விளிம்புகளும் ஒன்றுக்கொன்று மூன்று துளை விலகின. பை முறுக்கிக்கொண்டது இதனால்தான்.

இரண்டாம் பையில் பட்டையை அளக்கவில்லை; எண்ணினேன். பழைய நாட்காட்டி அட்டையில் துண்டின் வடிவத்தை வெட்டி, ஜியோமெட்ரி பெட்டியின் டிவைடரை 4 மி.மீ.க்கு விரித்து, அடியின் நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் நடத்திச் சென்றேன். நடுத்துளையிலிருந்து 15ஆம் துளையில் வளைவு தொடங்குகிறது, 29இல் முடிகிறது, 59இல் மேல்முனை. இருபுறமும் சேர்த்து நடுவோடு 119 துளைகள். முன்துண்டு, பின்துண்டு இரண்டுக்கும் அதே அட்டைதான். பட்டையின் இரு விளிம்புகளிலும் அதே 119. மூலைமட்டம் வைத்து எதிரெதிராகக் குறிக்க வேண்டும். முனைகளில் அரை செ.மீ. கூடுதலாக விட்டு, முடிவில் வெட்டிக்கொள்ளலாம். நடு, 15, 29, 59 ஆகிய இடங்களில் முதலில் தற்காலிகமாக நூலால் கட்டிவிட்டு, அடியின் நடுவில் தொடங்கி ஒவ்வொரு பக்கமாக மேலே தைக்க வேண்டும். அப்போது எங்கேனும் சிறு பிழை நேர்ந்தாலும் அடுத்த கட்டைத் தாண்டிச் செல்லாது.

தோலைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பட்டையின் விளிம்பை 6 மி.மீ. வெளிப்புறமாக மடித்துத்தான் துண்டோடு சேர்க்கிறோம். மூலையில் அந்த மடிப்பு விரிந்து கொடுக்க வேண்டும். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் மெத்தென்றிருக்கும்; ஆனால் மடித்தால் மீண்டும் நிமிரும். ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றால் பதனிட்ட தோலை நனைத்து, மடித்து, சுத்தியலால் மெல்லத் தட்டி நிழலில் உலர்த்தினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் சதுர அடிக் கணக்கில் கிடைக்கிறது. இந்தப் பைக்கு மூடியும் சேர்த்து இரண்டு சதுர அடி போதும். பட்டையை முதுகுப் பகுதியிலிருந்து, முதுகெலும்பின் போக்கிலேயே வெட்ட வேண்டும். வயிற்றுத் தோல் இழுக்க இழுக்க நீளும்; எண்ணி வைத்த கணக்கெல்லாம் அதில் வீண்.

ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தித் தைத்தேன். இழுக்கும் வலு எல்லாத் தையலுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு இன்னும் அது கைவரவில்லை. தந்தையார் ஒரு குறியும் போடாமல் போடும் தையல், டிவைடர் வைத்து நான் போடுவதைவிடச் சீராக இருக்கிறது. மூலையில் என் தையல்கள் சற்றே இறுகி, தோல் சுருங்கியிருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம்.

பை நேராக நின்றது. நடத்துநர் தோளில் மாட்டி, சில்லறையைக் கொட்டி, இரண்டு முறை குலுக்கிப் பார்த்துவிட்டுப் பணம் தந்தார். அவர் சொல்லி இன்னும் இருவர் கேட்டிருக்கிறார்கள். டிவைடர் இப்போது தந்தையாரின் குத்தூசியோடு அவருடைய பெட்டியில் இருக்கிறது. பருவத் தேர்வுக்கு வேறொன்று வாங்க வேண்டும்.